துப்பாக்கியை விட்டுப் பைனாகுலரை எடுத்தவர்: பறவையியலாளர் சலீம் அலி

பறவை பார்க்க பைனாகுலர் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், எதை வாங்குவது என்று தெரியாமல் நாம் திகைக்கிறோம். கழுத்தில் பைனாகுலர் தொங்காமல் நாம் நினைத்துப் பார்க்க முடியாத ஒருவரின் வாழ்க்கை இதற்கு நல்ல வழி காட்டுகிறது. அவர்தான் டாக்டர் சலீம் அலி.

1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் ஒரு போரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். மூன்று வயதுக்குள் தந்தையும் தாயும் இறந்துவிட்டனர். தாய்மாமா அமீருத்தீன் தய்யப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் அவரை வளர்த்தனர். மாமா வேட்டைப் பிரியர். மருமகனுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. அதைக் கொண்டு சிட்டுக்குருவிகளைச் சுடுவதே சிறுவனின் பொழுதுபோக்கு.

ஒருநாள் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. இது நாம் உண்ணலாகுமா என்ற ஐயத்துடன் சிறுவன் மாமாவிடம் ஓடினான். மாமாவுக்கும் அது என்ன பறவை என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டிடம் அனுப்பி வைத்தார். அது மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று சொன்ன மில்லர்ட், கழகம் பாதுகாத்து வந்த பறவை மாதிரிகளையும் காட்டினார். 1908இல் நடந்த அந்தச் சந்திப்பு ஒரு வாழ்நாளின் திசையை மாற்றியது.

குடும்பத் தொழிலுக்காகச் சில ஆண்டுகள் பர்மாவில் இருந்தார். 1918இல் தெஹ்மினாவை மணந்தார். 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டிப் பேச்சாளர் வேலை கிடைத்தது. பின்னர் விடுப்பு எடுத்து பெர்லின் சென்று, எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற அறிஞரிடம் பயின்றார். 1930இல் திரும்பியபோது, நிதி இல்லை என்று அந்தப் பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் வேறு பதவியும் எளிதில் கிடைக்கவில்லை.

தம்பதியர் பம்பாய்க்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையில்லாத மனிதர் அவற்றை நாள்தோறும் உற்றுப் பார்த்தார். ஆண் குருவி கூட்டைப் பாதிவரை கட்டுகிறது; பெண் வந்து சோதித்து, பிடித்தால் ஏற்கிறது; அதன் பிறகே ஆண் அதை முடிக்கிறது; பின் அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொரு துணையைத் தேடுகிறது. இந்த உண்மைகளைச் சொன்ன கட்டுரை அவருக்குப் பெயர் தேடித் தந்தது. கொன்று பதப்படுத்திய பறவை இதையெல்லாம் சொல்லியிருக்காது. ஆய்வு மாதிரிகளுக்காக அவர் பின்னாளிலும் பறவைகளைச் சுட்டதுண்டு. ஆனால் உயிருள்ள பறவையைப் பார்ப்பதே அவருடைய வழியாயிற்று.

1930களில் ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை ஆய்வு செய்தார். முகாம் வாழ்க்கையில் உடன் வந்த தெஹ்மினா, 1939இல் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தார். அந்தத் துயரத்திலும் பணி நிற்கவில்லை. சாமானியரும் பறவைகளை அடையாளம் காண உதவும் அவருடைய நூல் 1941இல் வந்தது. டில்லன் ரிப்ளியுடன் எழுதிய 10 தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளிவந்தன. பரத்பூர் சதுப்பு நிலத்தைக் காக்கவும் சைலன்ட் வேலி காட்டைக் காக்கவும் குரல் கொடுத்தார். சர்வதேச விருதாகக் கிடைத்த பணத்தை இயற்கைப் பாதுகாப்புக்கே கொடுத்தார். பத்ம விபூஷண் விருதும் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவியும் பெற்ற அவர் 1987இல் மறைந்தார். கோவை அருகே ஆனைகட்டியில் உள்ள பறவையியல் மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி நம் பிள்ளைகளின் பைனாகுலருக்கு வருவோம். கிஹிமில் அவருக்குக் கைகொடுத்தது நாள்தவறாத பார்வை. ஆகவே தினமும் கழுத்தில் சுமக்கக்கூடிய கருவியே நமக்கு ஏற்றது. அலமாரியில் தூங்கும் பெரிய கருவியால் பயனில்லை. 8x25 என்றால் 8 மடங்கு பெருக்கம், முன்கண்ணாடியின் விட்டம் 25 மி.மீ. இது சட்டைப்பையில் அடங்கும். 8x32 சற்றுக் கனமானது. ஆனால் அதிகாலை மங்கல் வெளிச்சத்தில் கூடுதல் தெளிவு தரும். 10 மடங்குக்கு மேல் போனால் கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும். காட்சிப் பரப்பும் சுருங்கும். ஜூம் விளம்பரங்களை நம்ப வேண்டாம். கண்ணாடி அணிபவர்கள், கண்ணுக்கும் லென்சுக்கும் உரிய இடைவெளி 15 மி.மீ.க்குக் குறையாததைக் கேட்க வேண்டும். எல்லா லென்சுகளுக்கும் பல அடுக்குப் பூச்சு இருக்கிறதா, நீர் புகாததா, இரண்டு மீட்டர் அருகில் இருப்பதும் தெளிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கடைக்கு வெளியே நின்று ஒரு காகத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டு குழல்களிலும் ஒரே படமாகத் தெரிய வேண்டும். கண் வலிக்கக் கூடாது.

வாங்கியபின் சரணாலயம் போகும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். மொட்டை மாடியிலும் குளக்கரையிலும் பறவைகள் இருக்கின்றன. ஒரே கூட்டை ஒரு மாதம் பார்த்துக் குறிப்பெழுதச் சொல்லுங்கள். வேலை இழந்த சலீம் அலியை அறிஞராக்கியது இந்தப் பழக்கம்தான்.