பாய்மரத்தை மறவாத மீகாமன்

கற்ற தொழில் கைவிட்டுவிட்டால் மனிதன் என்ன செய்வான்? இவ்வினா என்னை நெடுநாள் வாட்டியதுண்டு. என் தந்தையார் கைத்தறி நெசவாளர். விசைத்தறிகள் பெருகியபின் எங்கள் வீட்டுத் தறியின் ஓசை அடங்கிவிட்டது. அந்நாளில்தான் கல்லூரி நூலகத்தில் ஜோஷுவா ஸ்லோகம் என்னும் கப்பல் தலைவரின் பயண நூல் என் கைக்குக் கிடைத்தது. அன்று தொடங்கி அவர் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். அதனை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கனடா நாட்டின் கிழக்குக் கோடியில், அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி நீண்டு கிடக்கும் நிலப்பகுதி நோவா ஸ்கோஷியா. அதன் ஒரு பக்கம் ஃபண்டி விரிகுடா. உலகிலேயே மிக உயரமாகக் கடல் ஏறி இறங்கும் இடம் அது. 19-ஆம் நூற்றாண்டில் அக்கரையின் சிற்றூர்கள்கூடக் கப்பல் கட்டின. காட்டில் மரம் வெட்டிக் கரையிலேயே கப்பல் சமைத்து, நீர் ஏறும் வேளையில் மிதக்கவிட்டார்கள். 1874-இல் மெய்ட்லண்ட் என்ற ஊரில் உருவான வில்லியம் டி. லாரன்ஸ் என்னும் கப்பல், கனடா கண்ட மிகப் பெரிய மரப் பாய்க்கப்பல்களுள் ஒன்று. உழவர் மக்களும் கடலோடிகளாய் மாறிய காலம் அது!

அந்த மண்ணில் 1844-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் பிறந்தவர் ஸ்லோகம். அவருடைய குடும்பம் பின்னர் பிரையர் தீவில் குடியேறியது. தந்தை மீனவர்களுக்குத் தோல் காலணி தைத்து விற்றார். பத்து வயதில் பள்ளியை விட்டுப் பட்டறையில் அமர்ந்த சிறுவனின் மனமோ கடலிலேயே இருந்தது. ஒளித்து வைத்துச் செய்துகொண்டிருந்த சின்னஞ்சிறு கப்பலைத் தந்தை சினந்து உடைத்தெறிந்தார். கப்பல் உடைந்தது; கனவு உடையவில்லை. 1860-இல் தாயார் மறைந்ததும், 16 வயது இளைஞர் வீட்டைத் துறந்து கடலேறினார்.

உழைப்பு அவரை உயர்த்தியது. 25 வயதில் கப்பல் தலைவரானார். 1871-இல் சிட்னி நகரில் வர்ஜீனியா என்ற நங்கையை மணந்தார். கப்பலே அவர்கள் இல்லமாயிற்று. குழந்தைகள் கப்பலிலேயே வளர்ந்தன. 1880-களின் தொடக்கத்தில் நார்தர்ன் லைட் என்னும் எழில்மிகு பாய்க்கப்பலுக்குத் தலைவராகி அவர் புகழின் உச்சியில் நின்றார்.

ஆயினும் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1869-இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாய் நீராவிக் கப்பல்களுக்கே பெரிதும் பயன்பட்டது. இரும்பும் நீராவியும் பாய்மரத்தை ஓரங்கட்டின. நார்தர்ன் லைட் பிற்காலத்தில் பாய்மரங்கள் களையப்பட்டு, நிலக்கரி சுமக்கும் மிதவையாயிற்று. 1884-இல் வர்ஜீனியா மறைந்தார். 1887-இல் தம் கப்பலில் எழுந்த கலகத்தில் ஸ்லோகம் துப்பாக்கியால் சுட, ஒருவர் உயிரிழந்தார். வழக்கில் விடுதலை கிடைத்தது. குறையற்ற மாமனிதராக அவரை நான் காட்ட விரும்பவில்லை. அவ்வாண்டின் இறுதியில் பிரேசில் கரையில் அவருடைய கப்பலும் தரைதட்டி அழிந்தது. அப்போதும் அவர் சோர்ந்துவிடவில்லை. தாமே 35 அடிப் படகொன்றைக் கட்டி, இரண்டாம் மனைவியையும் இரு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா சேர்ந்தார். 1888 மே 13 அன்று, பிரேசிலில் அடிமை முறை ஒழிந்த நாளில் நீரில் இறங்கிய அப்படகிற்கு விடுதலை என்று பொருள்படும் லிபர்டாடே என்பதே பெயர்.

பாய்க்கப்பல் தலைவருக்கு அமெரிக்காவில் வேலை இல்லை. 1892-இல் நண்பர் ஒருவர் கப்பலொன்று தருவதாகச் சொன்னார். ஃபேர்ஹேவன் ஊருக்குச் சென்று பார்த்தால், வயல்வெளியில் முட்டுக் கொடுத்து நிறுத்திய ஒரு பழைய மரக்கலம்! ஸ்பிரே என்பது அதன் பெயர். ஊரார் நகைத்தனர். ஸ்லோகம் கோடரியை எடுத்தார். பக்கத்தில் நின்ற ஓக் மரத்தை வெட்டி அடிமரம் இட்டார். 13 மாத உழைப்பும் 553 டாலர் 62 சென்ட் செலவுமாகப் பழைய கலம் புதுக்கலமாயிற்று.

1895 ஏப்ரல் 24 அன்று, 51 வயதில், பாஸ்டனிலிருந்து தன்னந்தனியே புறப்பட்டார். வழியில் தாம் வளர்ந்த தீவையும் கண்டார். நோவா ஸ்கோஷியாவின் யார்மத் துறையில் முகப்பு உடைந்த தகரக் கடிகாரம் ஒன்றை ஒரு டாலருக்கு வாங்கினார். அதுவே அவருக்கு வழிகாட்டிய கடிகாரம். நீந்தவும் அறியாத அவர் மகெல்லன் நீரிணையின் புயல்களை வென்றார். 1897-இல் கோகோஸ் தீவுகளை நோக்கி 2,700 மைல்களை 23 நாள்களில் கடந்தபோது, சுக்கானைப் பிடித்திருந்தது மொத்தத்தில் மூன்று மணி நேரமே. பாய்களையும் சுக்கானையும் அத்துணைப் பொருத்தமாக அவர் அமைத்திருந்தார்.

1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட் துறையை அடைந்தார். 46,000 மைல்! உலகைத் தனியே கடல்வழி சுற்றிய முதல் மனிதர் என்ற பெருமை அவருக்கு உரியதாயிற்று. பின்னர் ஃபேர்ஹேவன் சென்று, ஸ்பிரேயை முதன்முதல் நீரில் இறக்கியபோது கட்டிய அதே கட்டுத்தறியில் மீண்டும் கட்டினார். அவர் எழுதிய பயண நூல் 1900-இல் வெளிவந்தது. 1909-இல் அதே கலத்தில் மீண்டும் கடலேறியவர் திரும்பவேயில்லை.

நீராவியை ஸ்லோகம் வென்றுவிடவில்லை. பாய்க்கப்பல் காலமும் திரும்பவில்லை. ஆனால், உலகம் வேண்டாமென்று ஒதுக்கிய கலையை அவர் ஒதுக்கவில்லை. அதனைக் கொண்டே எவரும் செய்யாததைச் செய்தார். எங்கள் வீட்டில் ஓய்ந்து கிடக்கும் தறியை இப்போது பார்க்கும்போது, தந்தையாரின் கைத்திறன் வீணானது என்று எண்ண என் மனம் ஒப்பவில்லை. பட்டம் பெற்று வெளியேறும் நம்மை நாளை உலகம் வரவேற்கலாம், வரவேற்காமலும் போகலாம். வயல்வெளியில் கிடக்கும் பழங்கலம் ஒன்று நமக்காகவும் காத்திருக்கும். கோடரியை எடுப்போமா, நண்பர்களே?