லேத் பட்டறையில் ஒரு சக்கரவர்த்தி: பொடி டப்பா கடைந்த ரஷ்ய மன்னர் பீட்டரின் கதை

ரஷ்யாவின் மகா பீட்டர் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது, தாடிக்கு வரி போட்டவர், சதுப்பு நிலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரை எழுப்பியவர் என்பதுதான். அந்த நகரில் இருந்த அவருடைய கோடைக்கால அரண்மனையில், தனி அறை ஒதுக்கி ஒரு லேத் பட்டறையும் வைத்திருந்தார். நேரம் கிடைத்தபோதெல்லாம் அங்கே போய் மரத்திலும் தந்தத்திலும் சின்னச் சின்னப் பெட்டிகளும் பொடி டப்பாக்களும் கடைந்துகொண்டிருப்பார். அரசாங்க வேலையாக அவரைப் பார்க்க வருகிறவர்கள் சில நேரம் அங்கேயே போய்ப் பேச வேண்டியிருந்தது.

பீட்டர் பிறந்தது 1672-ல். பத்து வயதில் அரியணை ஏறினார், அதுவும் அண்ணன் இவானுடன் பங்கு போட்டுக்கொண்டு. அதே 1682-ல் மாஸ்கோவின் காவல் படை கலகம் செய்து, அவருடைய தாய்வழி உறவினர்களைக் கொன்றுபோட்டது. அதன் பிறகு சிறுவன் பீட்டர் பெரும்பாலும் இருந்தது மாஸ்கோவுக்கு வெளியே, பிரியோபிரஜென்ஸ்கோயே என்ற கிராமத்தில். அங்கே அவன் கேட்டு வாங்கிக்கொண்டவை தச்சுக் கருவிகள், கொத்தனார் கருவிகள்.

வளர்ந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. 1697-ல் பீட்டர் மிகைலோவ் என்ற பெயரில் ஐரோப்பா கிளம்பினார். சுமார் 6 அடி 8 அங்குல உயரம், அதனால் மாறுபெயர் பெரிதாக உதவவில்லை! ஆம்ஸ்டர்டாமில் டச்சு கிழக்கிந்திய கம்பெனியின் கப்பல் கட்டும் தளத்தில் சுமார் நான்கு மாதம் வேலை பார்த்தார். போகிற வழியில் ஜெர்மனியில் சந்தித்த இரண்டு அரச குடும்பப் பெண்களிடம், தனக்கு 14 கைத்தொழில் தெரியும் என்று சொல்லி, காய்த்துப்போன உள்ளங்கைகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாராம்.

இந்தப் படத்தோடு நின்றுவிட்டால் பீட்டர் ரொம்ப இனிமையான மனிதராகத் தெரிவார். அப்படி இல்லை. 1698-ல் நாடு திரும்பியதும், மறுபடி கலகம் செய்த அதே காவல் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சித்திரவதை செய்து கொல்ல உத்தரவிட்டவர் அவர்.

அலங்காரக் கடைசல் என்றால் என்ன?

கட்டில் கால், தொட்டில் கம்பு, பம்பரம் எல்லாம் கடைசல் வேலைதான். மரம் சுற்றும், தச்சர் உளியை அசையாமல் பிடிப்பார். அதனால் கிடைப்பது உருண்டையான வடிவம் மட்டும். அலங்காரக் கடைசலில் கதை வேறு. மரத்தைச் சுற்றும் தண்டில் பூவிதழ் போல வளைந்த விளிம்புள்ள ஒரு சக்கரம் மாட்டுவார்கள். அந்த விளிம்பு ஒரு முட்டுக்கட்டையில் உரசும்போது தண்டே இடம் வலமாக ஆடும். உளி நின்ற இடத்தில் நிற்க, மரத்தின் மேல் அலை அலையாகக் கோலம் விழும். சக்கரத்தை மாற்றினால் கோலமும் மாறும்.

பெட்டி செய்வது இன்னும் பொறுமை கேட்கும் வேலை. முதலில் உள்ளே குடைந்து, மூடி காற்றுப் போகாத மாதிரி கச்சிதமாக உட்கார வேண்டும். அதற்கப்புறம்தான் கோலம். கருங்காலி மாதிரி இறுகிய மரமாகவோ தந்தமாகவோ இருந்தால்தான் மெல்லிய கோடுகள் உதிராமல் நிற்கும். கடைசிச் சுற்றில் உளி ஒரு நூல் பிசகினால்கூட அத்தனை உழைப்பும் வீண். அந்தக் காலத்தில் ஐரோப்பிய அரச குடும்பங்களில் இது கௌரவமான பொழுதுபோக்கு. பீட்டர் அதை ஆசானிடம் பாடம் கேட்கும் அளவுக்கு எடுத்துக்கொண்டார்.

அந்த ஆசான் ஆந்திரேய் நார்தோவ். 1693-ல் எளிய குடும்பத்தில் பிறந்தவர். மாஸ்கோவின் கப்பல் கணிதப் பள்ளியில் இருந்த கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவரை 1712-ல் பீட்டர் தலைநகருக்கு வரவழைத்தார். அப்போது நார்தோவுக்கு 19 வயது, மன்னருக்கு 40.

இந்த இளைஞர் செய்த காரியம் சாதாரணமானதல்ல. அதுவரை பெரும்பாலும் உளியைப் பிடிப்பது மனிதக் கை. நார்தோவின் எந்திரங்களில் உளியை இரும்புத் தாங்கி பிடித்துக்கொண்டது, பல்சக்கரங்கள் அதை நகர்த்தின. ஒரு பக்கம் வெண்கல அச்சின் மேடு பள்ளத்தை ஒரு முனை தடவிக்கொண்டே போகும். மறுபக்கம் உளி அதே உருவத்தைச் சிறியதாகத் தந்தத்தில் செதுக்கும். இங்கிலாந்தின் ஹென்றி மாட்ஸ்லே தன் புகழ்பெற்ற லேத்தைச் செய்தது 1800-ஐ ஒட்டித்தான். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, பொடி டப்பாவை அழகுபடுத்தும் அறையில் இது நடந்திருக்கிறது.

பிரஷ்ய மன்னர் பிரெடரிக் வில்லியம், உலகப் புகழ்பெற்ற ஆம்பர் அறையை 1716-ல் பீட்டருக்குப் பரிசாகக் கொடுத்தார். பதிலுக்கு பீட்டர் அனுப்பியவை: நெட்டையான 55 படைவீரர்கள், ஒரு லேத், தன் கையால் கடைந்த ஒரு கோப்பை. 1718-ல் நார்தோவும் பெர்லின் போய் அந்த மன்னருக்குக் கடைசல் சொல்லிக்கொடுத்தார். பிறகு லண்டன், பாரிஸ். அவருடைய எந்திரம் ஒன்றை இன்றும் பாரிஸில் உள்ள தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அதே 1718-ல்தான் பீட்டர் தன் மூத்த மகன் அலெக்ஸேயை விசாரணைக்கு உட்படுத்தினார். வெளிநாடு ஓடிப்போன மகனைத் திரும்ப வரவழைத்து, சவுக்கடி விசாரணை நடத்தி, மரண தண்டனை விதிக்க வைத்தார். தண்டனையை நிறைவேற்றும் முன்பே, ஜூன் மாத இறுதியில், இளவரசன் கோட்டைச் சிறையில் இறந்துபோனான். தந்தை கடைசலை விடவில்லை. கடைசி ஆண்டுகளில் அவர் கடைந்த தந்தச் சரவிளக்குகூட இருக்கிறது.

1725-ன் தொடக்கத்தில் பீட்டர் 52 வயதில் இறந்தார். அந்தப் பட்டறை அரசனின் ஆசையை நம்பி மட்டுமே ஓடியது. அந்த எந்திரங்கள் தொழிற்சாலைக்குப் போகவில்லை, வேறு யாரும் அவற்றைப் பார்த்துச் செய்யவும் இல்லை. நார்தோவை மாஸ்கோவின் நாணயச் சாலைக்கு அனுப்பினார்கள். பின்னாளில் அவர் பீரங்கித் துறைக்கு மாறி, ஒரே வட்ட மேடையில் 44 சிறு பீரங்கிகள் பொருத்திய கருவி ஒன்றை உருவாக்கினார். தன் எந்திரங்களை எல்லாம் படத்தோடு விளக்கி ஒரு பெரிய நூலும் எழுதினார். அது அச்சேறாமல் அரண்மனை நூலகத்திலேயே சுமார் இரண்டு நூற்றாண்டு கிடந்தது.

1756-ல் நார்தோவ் இறந்தபோது குடும்பத்துக்கு மிஞ்சியது கடன்தான். கல்லறை எங்கே என்பதும் மறந்துபோய், 1950-ல்தான் பீட்டர்ஸ்பர்க்கின் வசீலியெவ்ஸ்கி தீவில் கண்டெடுத்தார்கள். அவருடைய எச்சங்களை அலெக்சாண்டர் நெவ்ஸ்கி மடாலய வளாகத்துக்கு மாற்றினார்கள். மன்னரும் அவரும் வேலை பார்த்த லேத்துகள் அதே நகரின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.