வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை சரித்திரம்

காரைக்காற் பிரதேசத்து நடுநிலைப் பள்ளிகளிலே அரசியல் முறைமையும் குடியுரிமையும் போதிக்கப் புகும் ஆசிரியர் பலர், சபைகளின் பெயரையும் அங்கத்தினர் தொகையையும் மனனம் பண்ணுவிப்பதோடு அமைந்துவிடுகின்றனர். புதுச்சேரிச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் 30 பேர், அவருள் காரைக்காலுக்குரியோர் 5 பேர் என்று பிள்ளைகள் பிழையறச் சொல்லுவர். குடி என்பவன் யாவன் என்று வினவினாலோ விழிப்பர். இதனைத் தெருட்டுதற்கு வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளையவர்களின் சரித்திரத்தினும் ஏற்றதொன்றை யாம் அறியோம்.

பிள்ளையவர்கள் புதுச்சேரிக் கத்தோலிக்க வேளாளர் குலத்தவர். பிரெஞ்சுச் சட்டங் கற்று வக்கீல் தொழில் நடத்தியவர். 1873ஆம் ஆண்டில் ஒருநாள் அவர் ஐரோப்பியர் அணியும் பாதரட்சையோடு நீதிமன்றம் புகுந்தார். சுதேசிகள் வெறுங்காலோடேனும் நாட்டுச் செருப்போடேனும் வருவதன்றி இவ்வாறு வருதல் கூடாதென்பது அக்காலத்து வழக்கு. நீதிபதி சினந்து தண்டனை விதித்தார். பிறராயிற் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அன்றைய வழக்கைப் பார்த்திருப்பர். இவரோ கடல் கடந்து பாரிஸ் மாநகரத்து உச்ச நீதிமன்றம் வரையில் முறையிட்டு, அவ்வாண்டிலேயே வெற்றியும் பெற்றார். செருப்பு சிறிய பொருளே. ஆயினும் ஒரே சட்டத்தின் கீழ் வாழ்வோருள் ஒருவன் காலுக்கு ஒரு நியாயமும் மற்றொருவன் காலுக்கு வேறொரு நியாயமும் உண்டோ என்பதன்றோ அங்கே வழக்காய் நின்றது! பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் இது எளிதில் விளங்கும்.

இனி வருவதே கடினமான பகுதி. சுதேசிகளின் விவாகம், தாயபாகம் முதலியவற்றை அவரவர் சாதியாசாரப்படியே தீர்ப்பதென்று பிரெஞ்சு அரசாங்கத்தார் 1819ஆம் ஆண்டிலே உறுதி கூறியிருந்தனர். இவ்வுறுதி காவலாகவும் இருந்தது, வேலியாகவும் இருந்தது. அவ்வேலியைத் தாமே கடக்கலாமென்று பிள்ளையவர்கள் துணிந்தனர். 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதிக் கட்டளைப்படி, 21 வயது நிரம்பிய ஆணாயினும் பெண்ணாயினும் தம் பழைய சட்ட நிலையைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை மேற்கொள்ளலாம், குடும்பப் பெயரொன்றும் சூடிக்கொள்ளல் வேண்டும், துறந்தபின் மீளுதலில்லை. பிள்ளையவர்கள் லாப்போர்த் என்னும் பெயர் கொண்டனர். அது பிரெஞ்சிலே வாயில் எனப் பொருள்படும். காரைக்காலிலும் பலர் அவ்வாயில் வழிச் சென்றனர். அவருட் சிலர் சைகோன் முதலிய இடங்களில் உத்தியோகமும் பெற்றனர்.

ஆனால் பெரும்பாலோர் புகவில்லை. வாக்குரிமை முன்னரே அவர்க்கு இருந்தது. அதன்பொருட்டுப் பெரியோர் முறையை ஏன் விடவேண்டுமென்றனர். சண்முக வேலாயுத முதலியார் இவர்க்குத் தலைவராய் நின்று நெடுங்காலம் அவ்வரசியலை ஆட்டிவைத்தார். அவரைப் பழமைப் பித்தர் என்று மாத்திரம் மாணாக்கர்க்குச் சொல்லிவிடுதல் நீதியன்று. சமத்துவம் பெறுதற்குத் தன் ஆசாரத்தை விலையாகக் கொடுத்தல் தகுமோ என்ற கேள்வி அவர் பக்கத்திலும் இருந்தது. எமக்கோ பிள்ளையவர்கள் பக்கமே மனம் சாய்கின்றது. மாணாக்கர் எதிர்ப்பக்கம் சாயினும் குற்றமில்லை.

அரசாங்கத்தார் செய்ததுதான் வேடிக்கை. 1880ஆம் ஆண்டில் பிரெஞ்சிந்தியாவுக்கு 10 நகரசபைகள் வகுத்தனர். காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு என மூன்று நம் பகுதிக்கு வாய்த்தன. 1884ஆம் ஆண்டிலோ வாக்காளரை ஐரோப்பியர், துறந்தோர், ஏனைச் சுதேசிகள் என மூன்று ஜாபிதாக்களாகப் பிரித்துவிட்டனர். பிரெஞ்சுக்காரரோடு சமமாவோமென்று பெயரையும் மாற்றிக்கொண்டவர் நடுவிலே தனித்து நிறுத்தப்பட்டனர். 1899ஆம் ஆண்டில் அந்த நடு ஜாபிதாவும் எடுபட்டது.

1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியில் ஆட்சி இந்தியாவுக்கு மாறிற்று. 1962ஆம் ஆண்டில் உடன்படிக்கை நிறைவேறியபோது, பிரெஞ்சுக் குடிகளாகவே நிற்க விரும்பினோர்க்கு எழுதிக் கொடுக்க ஆறு மாதத் தவணை அளிக்கப்பட்டது. அங்ஙனம் எழுதிக் கொடுத்த குடும்பத்தார் இன்றும் காரைக்காலில் உளர். பிரான்சு தேசத்துத் தலைவர் தேர்தல் வருங்கால் அவர்க்கென இவ்வூரிலேயே வாக்குச்சாவடி வைக்கப்படுகின்றது. அடுத்த வீட்டாரோ புதுச்சேரிச் சட்டசபைத் தேர்தலுக்குச் சென்று வாக்களித்து வருகின்றனர்.