ரோஜா முத்தையாவும் எங்க பெரியப்பாவோட டிரங்குப் பெட்டியும்

போன செமஸ்டர் லீவுக்கு ராசிபுரம் போயிருந்தப்ப, பெரியப்பா பரண்ல இருந்து ஒரு டிரங்குப் பெட்டிய இறக்கச் சொன்னாரு. உள்ள பூரா காமிக்ஸ். முத்து, லயன், ராணி எல்லாம் கலந்து கட்டி இருநூறுக்கு மேல. பெரியப்பா இருபத்தஞ்சு வருஷம் லாரி ஓட்டினவரு. லோடு இறங்குற வரைக்கும் பொழுது போகணுமே, அதுக்காக பஸ் ஸ்டாண்ட் கடைகள்ல வாங்கிப் படிச்சது. படிச்சு முடிச்சதும் தூக்கிப் போடல, அவ்வளவுதான். சேகரிப்பாளர்னு சொன்னா அவருக்கே சிரிப்பு வந்துடும்.

நான் சும்மா நாலு அட்டைய போட்டோ எடுத்து ஆன்லைன்ல போட்டேன். ஒரு மணி நேரத்துல ஒருத்தர் மெசேஜ் பண்ணிட்டாரு. அவருக்கு எல்லாம் வேண்டாமாம், ஆறே ஆறு போதுமாம். எல்லாமே 70-கள்ல வந்த பழைய முத்து காமிக்ஸ். அவர் சொன்ன தொகைய கேட்டு பெரியம்மா ரெண்டு தடவை திருப்பிக் கேட்டாங்க, என் ஒரு வருஷ பஸ் ஃபீஸ விட ஜாஸ்தி. மிச்சத்த என்ன பண்றதுன்னு கேட்டதுக்கு, கிலோ கணக்குல போட்டுடுங்கன்னு சொல்லிட்டாரு. எங்க பக்கம் பேப்பர கிலோவுக்குப் போட்டா அது எங்க போகும்னு நாமக்கல் பசங்களுக்குத் தெரியும். கூழாக்கி முட்டை அட்டை பண்ணிடுவாங்க. இரும்புக்கை மாயாவி மேல முப்பது முட்டை உக்காந்து கேரளா போகும்.

முடிவ என்கிட்ட விட்டுட்டாரு பெரியப்பா. காலேஜ் படிக்கிற பையன், நீயே சொல்லுன்னுட்டாரு. எனக்கு என்ன தெரியும்? பழைய புத்தகம் சேர்த்தவங்களப் பத்தி தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அப்பதான் ரோஜா முத்தையா செட்டியார் கதை கிடைச்சது. பேரை ஏற்கெனவே கேட்டிருப்பீங்க. சென்னை தரமணியில அவர் பேர்ல ஒரு ஆராய்ச்சி நூலகம் இருக்கு. ஆனா அந்த மனுஷன் யாருன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

காரைக்குடி பக்கத்துல கோட்டையூர்னு ஒரு ஊரு. நம்ம இன்ஜினியரிங் ஜனங்களுக்கு அந்த ஊரு ஒரு விதத்துல சொந்தம், ஏன்னா ஏ.சி. டெக், காரைக்குடி அழகப்பா காலேஜ் எல்லாத்துக்கும் காரணமான அழகப்பச் செட்டியாரும் கோட்டையூர்க்காரர்தான். அவர் கோடிகள்ல சம்பாதிச்சு கல்லூரி கட்டினாரு. அதே ஊர்ல இருந்து வந்த முத்தையா அந்த மாதிரி பணக்காரர் இல்ல. நகரத்தார்னா வட்டி, வியாபாரம், பர்மான்னு நம்ம மனசுல ஒரு படம் இருக்குல்ல, இவர் அதுல சேராத ஆளு. கையில பிரஷ் பிடிச்சவரு. சென்னைக்குப் போய் போர்டு எழுதுற ஓவியரா வேலை பார்த்தாரு. அந்தத் தொழில்ல இருந்து ஒட்டிக்கிட்ட பேருதான் ரோஜா. கடைசி வரைக்கும் அது போகல, இப்ப நூலகத்து வாசல்லயும் அதுதான் இருக்கு.

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல அப்ப மூர் மார்க்கெட் இருந்தது. 1900 வாக்குல கட்டின சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம்னா அந்தக் காலத்துல மெட்ராஸ்ல அங்கதான் போவாங்க. முத்தையாவும் போனாரு, வாங்கினாரு, திரும்பத் திரும்பப் போனாரு. 1950-ல ஆரம்பிச்ச பழக்கம் 1992-ல சாகுற வரைக்கும் விடல. நாப்பத்திரண்டு வருஷம்! சென்னையில நிரந்தரமா தங்காம கோட்டையூருக்கே திரும்பிட்டாரு, புத்தகமும் அவரோட ஊருக்குப் போச்சு. அதுல ஒரு நல்லது பாருங்க. 1985-ல மூர் மார்க்கெட் தீப்பிடிச்சு எரிஞ்சது. அங்க இருந்த கடைகளோட எத்தனை புத்தகம் போச்சுன்னு கணக்கே கிடையாது. முத்தையா வாங்கிட்டுப் போனது மட்டும் கோட்டையூர்ல பத்திரமா இருந்தது.

அவர் என்னென்ன சேர்த்தாருங்கிற லிஸ்ட்டுதான் என்னை நிறுத்தி வச்சது. அச்சுப் புத்தகம் சரி. 1804-ல அச்சான கந்தரந்தாதி மாதிரி அரிய பிரதி இருந்தா யாரும் எடுத்து வைப்பாங்க. ஆனா அவர் கல்யாணப் பத்திரிகைய எடுத்து வச்சாரு. நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், பத்திரிகையில வெட்டின துண்டு, கடிதம், இசைத்தட்டு, பழைய வார மாத இதழ்கள், எல்லாத்தையும் எடுத்து வச்சாரு. படம் பார்த்துட்டு வெளிய வந்ததும் கடலை மடிக்கப் போற பாட்டுப் புத்தகத்த ஒரு ஆளு வாங்கி வரிசை பண்ணி வைக்கிறாருன்னா, அன்னைக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நினைச்சிருப்பாங்க? எங்க பெரியம்மா டிரங்குப் பெட்டியப் பத்தி நினைச்சதைத்தான் நினைச்சிருப்பாங்க. அவர் வாங்கின நாள்ல அதுல பாதிக்கு மார்க்கெட்டுல விலையே கிடையாது.

இந்த இடத்துல காமிக்ஸ் கதைய கொஞ்சம் சொல்லணும், அமெரிக்கா வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம். 1938-ல சூப்பர்மேன் முதல்ல வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 10 சென்ட். அதே இதழோட ஒரு பிரதி 2014-ல 32 லட்சம் டாலருக்குப் போச்சு, இன்னொரு பிரதி 2024-ல 60 லட்சம் டாலருக்குப் போச்சு. ஏன் இவ்வளவு விலை? அச்சடிச்சது சுமார் 2 லட்சம், ஆனா குழந்தைங்க கிழிச்சு, அம்மாக்கள் குப்பையில போட்டு, ரெண்டாம் உலகப் போர்ல பழைய பேப்பர் திரட்டினப்ப கொடுத்து, மிச்சம் நூறு சொச்சம்தான் இருக்கும்னு கணிப்பு. எல்லாரும் தூக்கிப் போட்டதால வந்த விலை அது.

இதைப் பார்த்து 90-கள்ல அங்க ஒரு கூட்டம் கிளம்புச்சு. புது காமிக்ஸ வாங்கி, படிக்காமலே பிளாஸ்டிக் கவர்ல போட்டு, பையன் காலேஜ் ஃபீஸுக்கு ஆகும்னு பூட்டி வச்சாங்க. 1991-ல எக்ஸ்-மென் முதல் இதழ அஞ்சு அட்டையில போட்டாங்க, 80 லட்சம் பிரதிக்கு மேல. 1992 நவம்பர்ல சூப்பர்மேன் சாகுற இதழ் கறுப்பு பிளாஸ்டிக் உறையோட வந்தது, அதையும் ஆளுக்கு நாலஞ்சு வாங்கினாங்க. எல்லார் வீட்டுலயும் புத்தம் புதுசா இருந்தா எவன் வாங்குவான்? சப்ளை டிமாண்ட், ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கே புரியும். கடைகள் வரிசையா மூடுச்சு, 1996 கடைசியில மார்வெல் கம்பெனியே திவால் மனு போட்டது. இன்னைக்கும் அந்த எக்ஸ்-மென் இதழ் அங்க சில்லறைக் காசுக்குக் கிடைக்குது.

அதே 1992-லதான் கோட்டையூர்ல முத்தையா இறந்தாரு. அப்ப அவர் வீட்டுல சுமார் 50,000 புத்தகம், இதழ்களையும் மத்ததையும் சேர்த்தா ஒரு லட்சம் உருப்படிக்குப் பக்கம்.

உயிரோட இருந்தப்பவே அந்த வீட்டத் தேடி ஆளுங்க வந்துட்டுதான் இருந்தாங்க. தமிழ்நாட்டுல இருந்தும் வெளிநாட்டுல இருந்தும் ஆராய்ச்சி பண்றவங்க காரைக்குடி பஸ் ஏறி கோட்டையூர்ல வந்து இறங்குவாங்க. எழுத்தாளர் அம்பையும் அப்படிப் போனவங்கள்ல ஒருத்தர். ஒரு தலைப்பச் சொன்னா, அதுக்கு எந்தப் புத்தகம், எந்த இதழ்ல எந்தக் கட்டுரைன்னு அவரால எடுத்துக் கொடுக்க முடிஞ்சது. இத யோசிச்சுப் பாருங்க. கம்ப்யூட்டர் இல்ல, சர்ச் பாக்ஸ் இல்ல. முறையா லைப்ரரி சயின்ஸ் படிச்ச ஆளும் இல்ல. ஒரு போர்டு ஆர்ட்டிஸ்ட்டோட மண்டைதான் டேட்டாபேஸ்.

அந்த மண்டை போயிடுச்சுன்னா அதுக்கப்புறம் என்ன? குடும்பத்துக்கு இவ்வளவு காகிதத்தக் கட்டிக் காக்குறது சாதாரண விஷயம் இல்ல. கரையான் இருக்கு, ராமபாணப் பூச்சி இருக்கு. அதை விடப் பெரிய எதிரி காகிதத்துக்குள்ளயே இருக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டோட பின்பாதியில இருந்து மரக்கூழ்ல பண்ணின மலிவான காகிதத்துல அமிலம் தங்கிடும். நாள்பட நாள்பட அது செல்லுலோஸ் சங்கிலிய வெட்டிக்கிட்டே வரும். முதல்ல மஞ்சளாகும், அப்புறம் பழுப்பு, அப்புறம் மடிச்சா அப்பளம் மாதிரி உடையும். நம்ம ஊரு வெயில்ல அது இன்னும் வேகமா நடக்கும். காமிக்ஸும் இதே ஜாதி காகிதம்தான். பெரியப்பா பெட்டியில ஒரு ராணி காமிக்ஸ எடுத்தப்ப ஓரம் தூளா என் கையிலயே வந்தது.

அரிய புத்தகத்த மட்டும் பொறுக்கி எடுத்துக்கிட்டு மிச்சத்த விட்டுடுறதும் நடந்திருக்கலாம். நல்ல விலைக்கு ஒரு நூறு புத்தகம் போயிருக்கும், கல்யாணப் பத்திரிகையும் நாடக நோட்டீஸும் எடைக்குப் போயிருக்கும். எனக்கு மெசேஜ் பண்ணின ஆளு சொன்ன அதே கணக்கு.

அது நடக்கல. சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தத்தையும் ஒண்ணா வாங்குச்சு. அங்க நூலகத்துல தெற்காசியப் பிரிவைப் பார்த்துக்கிட்ட ஜேம்ஸ் நை இதுல முக்கியமான ஆளு. வாங்கினவங்க கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போயிருக்கலாம், காசு அவங்களோடது. ஆனா புத்தகம் தமிழ்நாட்டுலயே இருக்கட்டும்னு முடிவு பண்ணினாங்க. அதனாலதான் 1994-ல எல்லாம் கோட்டையூர்ல இருந்து சென்னைக்கு வந்து, முகப்பேர்ல ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆரம்பிச்சது. பக்கம் பக்கமா மைக்ரோஃபிலிம் எடுத்தாங்க. காகிதம் போனாலும் ஒழுங்கா குளிர்ல வச்ச ஃபிலிம் 500 வருஷம் தாங்கும்னு கணக்கு. 2005-ல தரமணிக்கு மாறினாங்க, சென்ட்ரல் பாலிடெக்னிக் வளாகத்துக்குள்ள. இப்ப வேற வேற ஆளுங்களோட சேகரிப்பும் வந்து சேர்ந்து 3 லட்சத்துக்கு மேல ஆயிடுச்சு.

அந்த நாடக நோட்டீஸும் பாட்டுப் புத்தகமும் இல்லாம இன்னைக்குப் பழைய தமிழ் சினிமா, நாடக வரலாற எழுத முடியாது. ஒரு நோட்டீஸ தனியா எடுத்தா அது வெறும் தாள். பத்து வருஷ நோட்டீஸ் வரிசையா இருந்தாத்தான் எந்த ஊர்ல எந்தக் கம்பெனி நாடகம் போட்டது, டிக்கெட் எவ்வளவு, பெண் வேஷம் யாரு கட்டினாங்கன்னு தெரியும். இதைப் படிச்ச பிறகுதான் பெரியப்பா பெட்டிய மறுபடியும் திறந்தேன்.

இந்தத் தடவை அட்டைய மட்டும் பார்க்கல. உள்ள புரட்டினா, வாசகர் கடிதம் பகுதியில சேலம், நாமக்கல், தருமபுரின்னு நம்ம பக்கத்து ஊருப் பேரா வருது. சில புத்தகத்துல பெரியப்பா பின் அட்டையில லாரி கிலோமீட்டர், டீசல் கணக்கு எழுதி வச்சிருக்காரு. ஒண்ணுல ஒரு செக்போஸ்ட் பேரும் தேதியும் இருக்கு. அந்த வாங்குற ஆளுகிட்ட கேட்டா, பேனா எழுத்து இருந்தா விலை குறையும்ங்கிறாரு.

அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. காசு கொடுத்து வாங்கிப் பத்திரமா வைக்கிறவங்களாலதான் முத்து காமிக்ஸ் பல பிரதி இன்னைக்கும் உயிரோட இருக்கு, இல்லைன்னா எல்லாம் முட்டை அட்டைதான். பெரியப்பாவுக்கும் முட்டி ஆபரேஷன் இருக்கு, பணம் தேவைதான். அதனால ஆறையும் கொடுக்கிறதா வேண்டாமான்னு இன்னும் வீட்டுல பேச்சு ஓடிக்கிட்டுதான் இருக்கு. அதுக்குள்ள நான் ஒரு ஷீட் போட்டு இதழ் நம்பர், மாசம், விலை, கிழிசல், பெரியப்பா எழுதினது எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு இருக்கேன், ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல ஸ்கேன் பண்ணிட்டு. நேத்து வரைக்கும் 143 முடிஞ்சது. நடுவுல ஒரு மாயாவி இதழ் இல்ல. கோலாப்பூர் பக்கம் லோடு ஏத்தப் போனப்ப ஒரு கிளீனர் பையன் படிக்கக் கேட்டான், கொடுத்தேன், அவன் திருப்பித் தரலன்னு பெரியப்பா இன்னைக்கும் சொல்றாரு.