பனிச்சறுக்கின் தந்தையான ஏழைக் குடியானவர்

புதுக்கோட்டைச் சீமையில் பனி என்றால் மார்கழி மாதத்துப் புல் நுனியில் நிற்கும் துளிதான். வெயில் ஏறினால் அதுவும் மறைந்துவிடும்.

ஐரோப்பாவின் வட கோடியில் உள்ள நார்வே நாட்டின் கதை வேறு. அங்கே வெண்பனி வானத்திலிருந்து பஞ்சு போலக் கொட்டும். வயலும் வரப்பும் ஒன்றாகிவிடும். மாதக்கணக்கில் மண்ணையே பார்க்க முடியாது. காலை எடுத்து வைத்தால் முழங்கால் வரை புதையும்.

அந்த நாட்டு மக்கள் காலில் இரண்டு நீண்ட கட்டைகளைக் கட்டிக்கொண்டு பனியின் மேல் நடந்தார்கள். அந்தக் கட்டைக்கு "ஸ்கீ" என்று பெயர். பனிச்சறுக்குக் கட்டை என்று தமிழில் சொல்லலாம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உள்ள பழக்கம் அது.

வேலைக்காகக் கட்டிய கட்டையை விளையாட்டுக்கும் உரியதாக மாற்றியவர் ஒருவர் உண்டு. அவர் அரசர் அல்ல. பணக்காரரும் அல்ல. சொந்தமாக ஒரு காணி நிலம்கூட இல்லாத ஏழைக் குடியானவர். அவர் பெயர் சோந்திரே நோர்ஹைம்.

குடிசையில் பிறந்தவர்

நார்வேயின் தென்பகுதியில் தெலமார்க் என்ற மலைப் பிரதேசம் இருக்கிறது. அங்கே மோர்கெடால் என்பது ஒரு சிறு பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு மரக் குடிசையில் 1825-ம் ஆண்டு ஜூன் மாதம் 10-ந் தேதி சோந்திரே பிறந்தார்.

அவருடைய குடும்பம் பிறர் நிலத்தில் குடியிருந்த குடும்பம். நிலச் சொந்தக்காரர் ஒரு குடிசையும் துண்டு நிலமும் கொடுப்பார். அதற்கு ஈடாக அவருடைய பண்ணையில் உழைக்க வேண்டும். நார்வேயில் அந்தக் காலத்தில் ஏராளமான ஏழைகள் இப்படித்தான் வாழ்ந்தார்கள்.

சோந்திரே 1854-ம் ஆண்டில் ரன்னே என்ற பெண்ணை மணந்தார். குழந்தைகள் பிறந்தன. வருமானம் பெருகவில்லை. பிற்காலத்தில் நோர்ஹைம் என்ற சிறு குடியிருப்பில் வாழ்ந்ததால் அந்த ஊர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

பணம் இல்லாவிட்டாலும் மூன்று செல்வங்கள் அவருக்கு இருந்தன. சுற்றிலும் மலைச்சரிவு. காட்டில் மரம். கையில் தொழில் திறமை.

கழன்று விழுந்த கட்டை

சிறு வயதிலிருந்தே சோந்திரேக்குப் பனிச்சறுக்கில் ஆசை அதிகம். மேட்டிலிருந்து பாய்வார். பாறை விளிம்பிலிருந்து குதிப்பார். வீட்டுக் கூரையின் மேல் ஏறி, அங்கிருந்தும் சறுக்கிக் குதித்தார் என்று அந்த ஊர் மக்கள் சொல்வார்கள்.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. அந்தக் காலத்துக் கட்டையில் கால் விரல்களை நுழைக்க ஒரு வார் மட்டும் இருக்கும். குதிகாலுக்குப் பிடிப்பு கிடையாது. சமதரையில் நடக்க அது போதும். சரிவில் வேகமாக வரும்போது கால் பக்கவாட்டில் நழுவும். குதித்தால் கட்டை ஒரு புறம், ஆள் ஒரு புறம்!

எனவே, பலர் ஒரு நீண்ட தடியை வைத்துக்கொண்டு, அதைப் பனியில் அழுத்தி வேகத்தைக் குறைத்தார்கள். திரும்புவதும் நிற்பதும் அந்தத் தடியின் தயவால்தான்.

சோந்திரே இதற்கு ஒரு வழி கண்டார். மெல்லிய மரக் கொம்புகளை முறுக்கிக் கயிறு போல் ஆக்கினார். அதைக் குதிகாலைச் சுற்றிக் கொண்டுவந்து கட்டையோடு பிணைத்தார். நம் ஊர்ப் பனையேறிகள் காலில் மாட்டும் தளைநாரை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தை விட்டுக் கால் நழுவாமல் தளைநார் காப்பது போல, கட்டையை விட்டுக் கால் நழுவாமல் அந்த முறுக்குக் கொம்பு காத்தது. ஆனாலும் குதிகால் தூக்கி நடக்க முடிந்தது. மேட்டில் ஏறுவதற்கும் தடை இல்லை.

காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றுமே அதில் கிடையாது. ஆனால் அதன் பலன் பெரிது. கால் சொன்னதைக் கட்டை கேட்டது!

உடுக்கை போன்ற இடை

அதோடு அவர் நிற்கவில்லை. கட்டையின் உருவத்தையும் மாற்றினார்.

அந்தக் காலத்தில் பல கட்டைகள் கனமாகவும் நீளமாகவும் இருந்தன. நேராக ஓடும், எளிதில் திரும்பாது. சோந்திரே கட்டையைச் சிறிது குறுக்கினார். முன் பக்கமும் பின் பக்கமும் அகலமாக இருக்க, நடுப்பகுதியை மட்டும் ஒடுக்கினார். உடுக்கையின் இடை ஒடுங்கி இருப்பது போல என்று சொல்லலாம். ஆனால் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு விரல் அகலம்தான்.

ஒரு விரல் அகலத்தால் என்ன ஆகும்? கட்டையை ஒரு பக்கமாகச் சாய்த்தால், இரு முனைகளும் பனியில் பதியும். ஒடுங்கிய நடுப்பகுதி பனியைத் தொடாமல் நிற்கும். அந்த இடத்தில் உடல் பாரத்தை வைத்து அழுத்தினால் கட்டை வில் போல வளையும். வளைந்த கட்டை வளைவாகவே ஓடும். அதாவது, உடலைச் சாய்த்தாலே போதும். திரும்புவதற்குத் தடி வேண்டியதில்லை.

ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, முழங்காலை மடித்துத் திரும்புவது ஒரு முறை. அதற்கு அவருடைய பிரதேசத்தின் பெயரால் "தெலமார்க்" திருப்பம் என்று இன்றும் பெயர். ஒலிம்பிக் போட்டிகளில் கேள்விப்படும் "ஸ்லாலம்" என்ற சொல்லும் அந்த மலைநாட்டு மக்களின் பேச்சு மொழியிலிருந்து வந்ததே. சரிவில் பதிந்த தடம் என்பது அதன் பொருள்.

சோந்திரேயின் கட்டை ஏறுவதற்கும் உதவியது, இறங்குவதற்கும் உதவியது. குதிக்கவும் செய்யலாம். காட்டுக்குள்ளும் போகலாம். வேலைக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என்று இரண்டு ஜோடி வைத்துக்கொள்ள ஏழைக்கு வசதி ஏது? ஒரே ஜோடி எல்லா வேலைக்கும் உதவ வேண்டும். அந்தத் தேவைதான் புதிய கட்டையைப் பிறப்பித்தது.

தலைநகரில் வெற்றி

1868-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நார்வேயின் தலைநகரில் ஒரு பனிச்சறுக்குப் போட்டி நடந்தது. அப்போது அந்த நகரத்துக்குக் கிறிஸ்டியானியா என்று பெயர். 1925-ம் ஆண்டில்தான் அதற்கு ஒஸ்லோ என்ற பெயர் வந்தது.

சோந்திரேக்கு அப்போது வயது 42. போட்டிக்கு வந்தவர்களில் பலர் அவரைவிட இளைஞர்கள்.

மோர்கெடாலிலிருந்து தலைநகர் சுமார் 200 கிலோமீட்டர். புதுக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பும் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு தூரத்தையும் அவர் சறுக்குக் கட்டையிலேயே கடந்து வந்தார்.

போட்டி தொடங்கியது. மற்றவர்கள் தடியை நம்பி வந்தார்கள். சோந்திரே தடியை நம்பாமல் பாய்ந்து வந்தார். மேட்டில் குதித்தார். நிலை தவறாமல் இறங்கினார். ஒரே திருப்பில் நின்றார். பார்த்தவர்கள் வியந்தார்கள். முதல் பரிசு அவருக்கே கிடைத்தது.

அதன் பிறகு மோர்கெடால் இளைஞர்கள் அவரிடம் வித்தை கற்றார்கள். அவர்களில் ஹெம்மெஸ்ட்வைட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் 1881-ம் ஆண்டில் தலைநகரில் ஒரு பனிச்சறுக்குப் பள்ளியையே தொடங்கினார்கள்.

கடல் கடந்தார்

பெயர் பரவியது. வறுமை போகவில்லை. கைதட்டலால் அடுப்பு எரியுமா?

அந்தக் காலத்தில் நார்வேயிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழைகள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கே குடியேறிகளுக்கு 160 ஏக்கர் வரை நிலம் கிடைக்கும் என்று சட்டம் இருந்தது. பிறந்த ஊரில் பரம்பரையாக நிலம் இல்லாதவர்களுக்கு இதைவிட வேறு என்ன ஆசை வேண்டும்?

1884-ம் ஆண்டில் சோந்திரேயும் மனைவி மக்களோடு புறப்பட்டார். 60 வயதை நெருங்கும் காலத்தில் பிறந்த மண்ணை விட்டார். கடைசியில் வடக்கு டகோட்டா என்ற பகுதியில் குடியேறினார்.

அங்கேயும் பனி உண்டு. கடுங்குளிர் உண்டு. ஆனால் மலை இல்லை! கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமவெளி. வாழ்நாள் முழுவதும் சரிவில் பாய்ந்த மனிதருக்குச் சரிவே இல்லாத ஊர் வாய்த்தது. உழுவதற்கு அது நல்ல நிலம். சறுக்குவதற்கு அல்ல.

ஆனாலும் அவர் தம் கட்டைகளை எறிந்துவிடவில்லை. வீட்டு வாசலில் ஒரு ஜோடி எப்போதும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் என்று சொல்வார்கள்.

1897-ம் ஆண்டு மார்ச் மாதம் 9-ந் தேதி சோந்திரே காலமானார். டென்பி என்ற ஊருக்கு அருகே ஒரு சிறு மாதா கோவில் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். பெயர் எழுதிய கல் கூட நடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகே அந்த இடத்தில் கல் நட்டார்கள்.

உலகைச் சுற்றிய கட்டை

மனிதர் மறைந்தார். அவருடைய முறை மறையவில்லை.

1888-ம் ஆண்டில் நான்சென் என்ற நார்வே வீரர் கிரீன்லாந்துத் தீவின் பனிப்பரப்பைச் சறுக்குக் கட்டையில் கடந்தார். அந்தச் செய்தி ஐரோப்பா முழுவதையும் வியப்பில் ஆழ்த்தியது. ஆஸ்திரியா நாட்டில் ஸ்தார்ஸ்கி என்பவர் அதைப் படித்துவிட்டு, நார்வேயிலிருந்து கட்டைகளை வரவழைத்தார். தம் ஊர் மலை மிகச் செங்குத்தானது; அதற்கு இந்த நீளம் ஒத்துவராது என்று கண்டார். கட்டையைக் குறுக்கினார், பிணைப்பை மாற்றினார். மலைக்கு ஏற்ற கட்டை என்ற பாடத்தை அவரும் தாமாகவே கற்றார்.

1911-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 14-ந் தேதி அமுண்ட்சென் முதன் முதலில் தென் துருவத்தை அடைந்தார். அவரோடு சென்ற நால்வரில் ஒருவர் ஓலாவ் பியோலாண்ட். அவர் மோர்கெடால் பள்ளத்தாக்கைச் சேர்ந்த தச்சர்! சோந்திரேயின் ஊர்க் கைத்திறன் உலகின் அடிமுனை வரை போய்விட்டது.

இன்று வாங்குபவர்களுக்கு

இன்று நம் நாட்டிலும் காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும், உத்தரகண்டின் அவுலியிலும் இந்த விளையாட்டு நடக்கிறது. நார்வே, ஸ்விட்சர்லாந்து, கனடா முதலிய நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் பனிச்சறுக்குப் பழகுகிறார்கள்.

முன்பு ஓரளவு பழகி, குடும்பம், வேலை என்று பல ஆண்டுகள் விட்டுவிட்டு, மறுபடியும் கட்டை வாங்கப் போகிறவர்கள் திகைத்துப் போவார்கள். பழைய கட்டை நீண்டு நேராக இருக்கும். 1990-ம் ஆண்டுகளில் இடை நன்றாக ஒடுங்கிய கட்டைகள் வந்து பழையவற்றை ஒதுக்கிவிட்டன. அதாவது, சோந்திரேயின் உடுக்கை இடை இன்னும் அழுத்தமாகத் திரும்பி வந்தது.

கடையில் விதவிதமாக அடுக்கியிருப்பார்கள். கட்டை, பூட்ஸ், பிணைப்பு எல்லாம் புதிதாக வாங்கினால் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். ஏழைக் குடியானவரின் வழியில் யோசித்தால் செலவு குறையும்.

எல்லாச் சரிவுக்கும் ஒரே ஜோடி போதும். நடுப்பகுதி 80 முதல் 95 மில்லிமீட்டர் வரை அகலம் உள்ள கட்டை, கெட்டிப் பனிக்கும் ஓரளவு புதுப் பனிக்கும் ஏற்றது. கெட்டிப் பனியே அதிகம் என்றால் ஒடுங்கியது நல்லது. நிமிர்த்தி வைத்தால் மோவாய்க்கும் நெற்றிக்கும் இடையே முனை வர வேண்டும். மிகவும் விறைப்பான கட்டை பந்தயக்காரருக்கு உரியது. மீண்டும் தொடங்குபவரைக் களைக்க வைத்துவிடும்.

முதல் பணத்தைப் பூட்ஸுக்குச் செலவிட வேண்டும். காலுக்குப் பொருந்தாத பூட்ஸ் இருந்தால் எவ்வளவு உயர்ந்த கட்டையும் சொன்னபடி கேட்காது. கட்டையைச் சில நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குவது புத்திசாலித்தனம். குளிர்காலம் முடியும் சமயத்தில் முந்திய ஆண்டுச் சரக்கு மலிவாகக் கிடைக்கும். ஒருவர் பயன்படுத்திய கட்டையானால், ஓரத்து இரும்பு பெயர்ந்திருக்கிறதா, அடிப்பாகம் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நார்வேயில் இலவசமாகவே கட்டைகளை இரவல் தரும் நிலையங்களும் உண்டு.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. அதுதான் பிணைப்பு. சோந்திரேயின் காலத்தில் கட்டை கழலாமல் இருப்பதே பெரிய காரியம். இன்றைய பிணைப்புக்கு இரட்டை வேலை. ஓடும்போது விடாமல் பிடிக்க வேண்டும். விழும்போது உடனே விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் கால் முறிந்துவிடும். ஆளின் எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம், பழக்கம் ஆகியவற்றைப் பார்த்து, தெரிந்த கைவினைஞர்தான் அதை முடுக்கித் தர வேண்டும். மிகப் பழைய பிணைப்பை நம்பக் கூடாது.

குடிசையில் பிறந்த தீபம்

1952-ம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் போட்டி ஒஸ்லோ நகரில் நடந்தது. தீபத்தை எங்கிருந்து கொண்டு வருவது? கிரேக்க நாட்டுக்குப் போகவில்லை. மன்னர் மாளிகைக்கும் போகவில்லை. மோர்கெடால் பள்ளத்தாக்கில், சோந்திரே பிறந்த மரக் குடிசையின் அடுப்பில் தீ மூட்டினார்கள். அந்தத் தீயைப் பந்தத்தில் ஏந்தி, 94 வீரர்கள் மாறி மாறிப் பனிச்சறுக்கிலேயே ஒஸ்லோவுக்குக் கொண்டு வந்தார்கள். 84 ஆண்டுகளுக்கு முன் அந்த ஏழை தம் கட்டையில் புறப்பட்ட அதே பள்ளத்தாக்கிலிருந்து!

1960-ம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டிக்கும் மோர்கெடாலிலிருந்தே தீபம் போயிற்று.

இன்று சோந்திரேயின் சிலை மோர்கெடாலில் நிற்கிறது. வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரிலும் நிற்கிறது. மரமும் கொம்பும் கொண்டு அவர் செய்த கட்டைக்கு விலை அதிகம் இல்லை. அவர் காலுக்கும், அவர் மலைக்கும் அது பொருந்தி இருந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பொருத்தம்தான் உலகத்தையே பனிமலைக்கு அழைத்து வந்தது.