படுதா தீட்டிய ஓவியர் கொண்டையராஜு

தை அறுவடை முடிந்து நெல் குதிருக்குள் போய்ச் சேர்ந்ததும், காவிரிக் கரை ஊர்களில் முன்னொரு காலத்தில் நாடகக் கொட்டகைகள் எழும்பும். கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி, தஞ்சை என்று கம்பெனிக்காரர்கள் முகாம் மாற்றிக்கொண்டே வருவார்கள். கிட்டப்பாவின் குரலைப் பற்றி நம் பாட்டனாரும் பாட்டிமாரும் மணிக்கணக்கில் பேசியதுண்டு. ஆனால் பாடிய நடிகரின் பின்னால் தொங்கிய அரண்மனையைத் தீட்டியவர் யார், காட்டைத் தீட்டியவர் யார் என்று கேட்டிருந்தால் அவர்களுக்குச் சொல்லத் தெரிந்திராது. விளம்பர நோட்டீசில் புதிய சீன்கள் என்று பெரிய எழுத்தில் அச்சாகும். தீட்டிய கைக்குப் பெயர் இராது.

அவ்வாறு பெயரில்லாமல் மறைந்துபோயிருக்க வேண்டியவர்களுள் ஒருவர் சி. கொண்டையராஜு. ஆனால் அவருடைய பெயர் நிலைத்தது. அது நிலைத்த விதம்தான் விந்தையானது.

1898-ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் அவர் பிறந்தார். டாக்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளியில் ஓவியம் பயின்றார். ஒளியும் நிழலும் விழும் முறை, தூரத்துப் பொருள் சிறிதாகத் தோன்றும் கணக்கு, உடற்கட்டின் அளவு ஆகிய மேலை நாட்டு ஓவிய இலக்கணம் அங்கே கற்பிக்கப்பட்டது. அந்தப் படிப்பைக் கொண்டு ஒரு டிராயிங் மாஸ்டராக அமர்ந்து, மாதச் சம்பளம் வாங்கி, நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் மனமோ துறவை நாடியது. திருவண்ணாமலை சென்று ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் தங்கினார். பிறகு, தவத்தை நாடியவர் எவரும் தேடிப் போகாத ஓர் இடத்திற்கு, நாடகக் கம்பெனிக்கு, படுதா எழுதும் ஓவியராக வந்து சேர்ந்தார்.

அந்த வேலை எத்தகையது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆண்டு விழாவுக்காக வெள்ளை வேட்டியில் பெத்லகேம் மலைகளைத் தீட்டிப் பார்த்த நம் மாணவியருக்கு இது உடனே விளங்கும்.

தர்பார், தெரு, காடு, நந்தவனம், சிறைச்சாலை ஆகிய இவ்வளவும் இல்லாமல் ஒரு கம்பெனி ஊர் ஊராகக் கிளம்ப முடியாது. அரிச்சந்திரனுக்கும் அதே காடுதான், நளனுக்கும் அதே காடுதான். அகலமான காடாத் துணியைப் பட்டை பட்டையாக மூட்டித் தைத்து, இழுத்துக் கட்டி, முதலில் நீர்த்த வச்சிரத்தைப் பூசுவார்கள். இல்லாவிட்டால் துணி வர்ணத்தைக் குடித்துவிடும். அதன்மேல் வெள்ளைப் பூச்சு. காய்ந்த பிறகு, தச்சர் மரத்தில் கோடு போடுவது போல, கரித்தூள் தோய்த்த நூலைப் பிடித்துத் தட்டிக் கட்டங்கள் போடுவார்கள். கையளவுக் காகிதத்தில் கட்டம் போட்டு வரைந்த சிறு படம், கட்டத்துக்குக் கட்டம் பெரிதாகித் துணியில் ஏறும். வர்ணப் பொடியைச் சூடான வச்சிரத்தில் குழைத்துத் தீட்டுவார்கள். எண்ணெய் வர்ணம் இதற்கு ஆகாது. விளக்கொளியில் பளபளத்துக் கண்ணைக் கூசச் செய்யும், துணியைச் சுருட்டினால் வெடித்து உதிரும். வச்சிர வர்ணத்துக்கும் ஒரு குறும்பு உண்டு. ஈரத்தில் அடர்ந்து தோன்றுவது காய்ந்ததும் வெளுத்துவிடும். எனவே ஓவியர் தம் கண் முன்னே இருப்பதை நம்பாமல், நாளைக்கு வரப்போகும் நிறத்தை மனத்தில் கண்டு தீட்ட வேண்டும்.

அதைவிடக் கடினம் தூரத்தைக் காட்டுவது. தெருவின் இரு பக்க வீடுகளும் சிறுத்துக்கொண்டே போய் ஒரு புள்ளியில் சேரவேண்டும். அந்தப் புள்ளி மேடையில் நிற்கும் நடிகரின் கண் உயரத்தை ஒட்டி இருந்தால்தான் படம் நிஜம்போலப் படும். எவ்வளவு சரியாகத் தீட்டினாலும், அரசன் வேடக்காரர் மறந்துபோய்ப் பின்னால் நகர்ந்து படுதாவை ஒட்டி நின்றுவிட்டால் அரண்மனை வாயில் அவர் இடுப்பளவுக்கு வந்துவிடும்! அதற்காகவே படுதாவுக்கு முன்னால், மூங்கில் சட்டத்தில் துணி அடித்துத் தூணாகவும் மரமாகவும் வெட்டிய தட்டிகளை இரு பக்கமும் நிறுத்துவார்கள். காஸ் விளக்கின் மஞ்சள் ஒளியில் நீலம் மங்கிவிடும் என்பதையும் எண்ணி வானத்துக்கு நிறம் சேர்க்க வேண்டும். கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் விவசாயிக்கும் அது அரண்மனை என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

இத்தனை பாடுபட்டுத் தீட்டிய படுதாவின் ஆயுள் அற்பம். சுருட்டி வண்டியில் ஏற்றுவார்கள், மழையில் நனையும், வர்ணம் உதிரும். நைந்துபோனால் அதன் மேலேயே வேறு காட்சியைத் தீட்டிவிடுவதும் உண்டு. கலைப் பள்ளியில் பயின்ற ஒருவர் தம் படைப்புகள் இப்படி அழிவதைப் பார்த்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் தீட்டினார் என்றால், முன்பு நாடிய துறவு அவரை விட்டு முழுவதும் நீங்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1931-இல் தமிழ்ப் பேசும்படம் வந்தது. கொட்டகைகள் ஒவ்வொன்றாகச் சினிமாவுக்கு மாறின. கம்பெனிகள் நொடித்தன. கொண்டையராஜு பணியாற்றிய கம்பெனியும் 1940-களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் முகாமிட்டிருந்தபோது கலைந்துபோயிற்று. அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. மனைவி மக்கள் இல்லை. கையிலிருந்த தொழிலோ கேட்பாரற்றுப் போய்க்கொண்டிருந்த தொழில்.

கரிசல் மண்ணின் அந்தச் சிறு நகரிலேயே அவர் தங்கிவிட்டார். அவரைச் சுற்றி மாணாக்கர் சேர்ந்தனர். டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம் முதலியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்ற புகைப்பட நிலையம் உருவாயிற்று. படம் எடுக்க நிற்பவர்களின் பின்னால் தொங்கவும் தூணும் தோட்டமும் தீட்டிய படுதா வேண்டுமல்லவா? பழைய தொழில் வேறு உருவில் சோறு போட்டது.

அண்டையிலிருந்த சிவகாசியில் அச்சுத் தொழில் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. தீப்பெட்டி லேபிள் அச்சிடுவதில் தொடங்கி, வண்ணப் படங்களுக்கு முன்னேறியிருந்தார்கள். கடைக்காரர்கள் வாடிக்கையாளருக்குப் புத்தாண்டு நாட்காட்டி கொடுக்கும் வழக்கமும் பரவியது. நாட்காட்டிக்குப் படம் வேண்டும். கொண்டையராஜுவிடம் கேட்டார்கள். கஜலட்சுமி, முருகன், மீனாட்சி திருக்கல்யாணம் என்று அவர் தீட்டியவை அச்சாகித் தமிழ்நாடெங்கும் சென்றன.

அந்தப் படங்களை உற்றுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தெய்வ உருவம் நடுவில், நாடக மேடையின் முன்பக்கத்தில் நிற்பது போல, நம்மை நேராகப் பார்த்து நிற்கிறது. இரு பக்கமும் தூண்கள் தட்டிகளைப் போல அமைந்திருக்கின்றன. ஓரத்தில் பட்டுத் திரை ஒதுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. பின்னால் தடாகம், அதற்கப்பால் மங்கலான மலை, அதன்மேல் விடியற்கால வானம். கொட்டகையில் தொங்கிய நந்தவனப் படுதா இது! நம் தஞ்சாவூர்ப் படங்களிலும் மண்டபமும் திரைச்சீலையும் உண்டு. ஆனால் அங்கே தூரம் என்பதே கிடையாது, பொன்தகடு எல்லாவற்றையும் முன்னால் கொண்டுவந்துவிடும். கொண்டையராஜுவின் படத்திலோ உருவத்தின் பின்னே நடந்து போகலாம் போன்ற வெளி இருக்கிறது. அது மேடை தந்த பாடம்.

இவற்றை நாட்காட்டிப் படம்தானே என்று ஒதுக்கிய கலை ரசிகர்கள் பலர். அது நியாயமன்று என்பேன். கண்காட்சிக் கூடத்தில் வாயில் கட்டணம் கொடுத்துப் பார்ப்பவர் சிலர். நாட்டுப்புறத்துக் கூரை வீட்டில், ஆண்டு முடிந்து தாள்கள் கிழிந்த பின்னும், படத்தை மட்டும் கத்தரித்துக் கண்ணாடி போட்டு விளக்கேற்றி வைத்தவர்கள் எத்தனை பேர்!

அவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. மாணாக்கர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே அவருக்குக் குடும்பம். புகழ் வந்த பிறகும் எளிய வாழ்வுதான். பல படங்களில் தம் பெயரோடு சுப்பையாவின் பெயரையும் சேர்த்தே பொறித்தார். படுதா எழுதிய நாட்களில் தமக்குக் கிடைக்காத ஒன்றை மாணாக்கருக்கு அவர் கொடுத்தார். 1976-இல் காலமானார்.

தஞ்சையின் பழைய வீடுகளில் புகை படிந்த கண்ணாடிச் சட்டங்களுக்குள் அவருடைய படங்கள் இருக்கக்கூடும். அப்படியொன்றைக் காணும் மாணவியர், கீழ் மூலையில் உள்ள சிறிய கையெழுத்தைப் படித்துவிட்டு, உருவத்தின் பின்னால் உள்ள தூண்களையும் தடாகத்தையும் ஒரு நிமிடம் நின்று பார்க்கட்டும்.