ஏந்திய படையும் இரங்கிய நெஞ்சும்

வீட்டு வாயிலைக் கடந்தால் காடு. காட்டினுள் புலியும் சிறுத்தையும். இத்தகைய இடத்தில் வாழ்வோர்க்குப் படைக்கலம் துணையாதல் இயல்பே. ஆனால், படைக்கலம் ஏந்துதல் எளிது. அதனை எப்பொழுது எடுத்தல் வேண்டும், எப்பொழுது அடக்குதல் வேண்டும் என்று அறிதல் அரிது. அவ்வரிய அறிவைத் தம் வாழ்நாள் முழுவதும் பயின்றவர் ஜிம் கார்பெட் என்னும் பெரியார்.

இளமை

கார்பெட் 1875ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள், இமயமலைச் சாரலில் உள்ள நைனிடாலில் பிறந்தார். அவர் தந்தையார் அவ்வூர் அஞ்சல் நிலையத்தின் தலைவர். கோடையில் நைனிடாலிலும், குளிர்காலத்தில் மலையடிவாரத்துச் சிற்றூராகிய காலாதுங்கியிலும் அக்குடும்பத்தார் வாழ்ந்தனர். கார்பெட்டுக்கு ஆறாண்டு நிரம்புமுன் தந்தையார் இறந்தார். மக்கள் பலர், வருவாயோ சிறிது. அந்நிலையில் காலாதுங்கிக் காடே சிறுவர் கார்பெட்டுக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று.

முதலில் அவர் கையில் இருந்தது கவண், அடுத்து உண்டைவில். எட்டு வயதளவில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. அதன் வலக்குழல் பிளந்திருந்தது. குழல்களையும் கட்டையையும் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தனர். இடக்குழல் ஒன்றே பயன்பட்டது. மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டு, கோலால் இடித்துக் கெட்டித்தல் வேண்டும். ஒருமுறை சுட்டால், மறுமுறை சுடுவதற்கு நெடுநேரம் ஆகும். ஆதலின், குறி தப்பாது சுடவும், சுடத் தகாத இடத்துக் கையை அடக்கவும் அத்துப்பாக்கியே அவருக்குக் கற்பித்தது.

ஒருநாள் அவர் காட்டுக்கோழிகளைத் தொடர்ந்து சென்று, இலந்தைப் புதர் ஒன்றன்மேல் எட்டிப் பார்த்தார். புதர் அசைந்தது. அதனுள்ளிருந்து புலி ஒன்று மறுபுறமாக வெளிவந்தது. திரும்பிச் சிறுவரை ஒருமுறை நோக்கியது. பின்னர் அமைதியாக நடந்து மறைந்தது. அன்று அவரைக் காத்தது கையிலிருந்த துப்பாக்கி அன்று. புலியின் இயல்பே ஆகும். சீண்டப்படாத புலி மனிதரைத் தாக்க விரும்பாது என்னும் உண்மையை அவர் அன்றே உணர்ந்தார்.

சம்பாவத்துப் புலி

பள்ளிப் படிப்பை முடித்த கார்பெட் இருப்புப்பாதைப் பணியில் அமர்ந்தார். கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட்டில், வண்டிச் சரக்குகளை மாற்றி ஏற்றும் பொறுப்பை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏற்று நடத்தினார். விடுமுறைதோறும் தம் மலைநாட்டுக்குத் திரும்பினார்.

அக்காலத்தில் பெண்புலி ஒன்று நேபாளத்தில் 200 பேரையும், பின்னர்க் குமாயூன் நாட்டில் 236 பேரையும் கொன்றிருந்தது. 1907ஆம் ஆண்டு அரசாங்கத்தார் கார்பெட்டின் துணையை நாடினர். அவர் இரண்டு வேண்டுகோள்களை விடுத்தார். புலியைக் கொல்வோர்க்கு அறிவித்திருந்த பரிசுகளை நீக்குதல் வேண்டும் என்பது ஒன்று. ஏனைய வேட்டைக்காரரையும் படைவீரரையும் காட்டினின்றும் திரும்ப அழைத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. பரிசுக்காகக் கொல்பவர் என்னும் பெயரை அவர் விரும்பவில்லை. அன்றியும், பலர் துப்பாக்கியுடன் மறைந்து திரியும் காட்டில், புலியினும் தவறிய குண்டே கொடிது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவர் பாலி என்னும் ஊரை அடைந்தபோது, மக்கள் ஐந்து நாள்களாகக் கதவைத் தாழிட்டு வீட்டினுள் அடைந்து கிடந்தனர். வயல்களில் வேலை நடைபெறவில்லை. பின்னர்ச் சம்பாவத்தில் தாசில்தார் ஊராரைத் திரட்டினார். உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் அக்காலத்திலும் குற்றமே. எனினும், அன்று ஒருநாள் அதனைக் காணாதவர்போல் இருப்பதாகத் தாசில்தார் தெரிவித்தார். உடனே எத்தனையோ வீடுகளில் ஒளித்து வைத்திருந்த பழந்துப்பாக்கிகள் வெளிவந்தன. 298 பேர் மலைமுகட்டில் நின்று, வேட்டொலி எழுப்பியும், பாறைகளை உருட்டியும் ஆரவாரித்தனர். கார்பெட் கீழே காத்திருந்தார். அவரிடம் இருந்த தோட்டாக்கள் மூன்றே. மூன்றையும் சுட்டபின்னும் புலி வீழவில்லை. அவர் ஓடிச்சென்று தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிவந்து புலியை எதிர்த்து நின்றார். அக்குண்டு குறி தவறிப் புலியின் பாதத்தில் பட்டது. எனினும், முன்னர்ப் பட்ட புண்களால் புலி அங்கேயே உயிர் நீத்தது.

அதன் வாயைத் திறந்து பார்த்த கார்பெட் வியப்புற்றார். வலப்பக்கத்து மேற்கோரைப்பல் பாதி ஒடிந்திருந்தது. கீழ்க்கோரைப்பல் எலும்பு வரை சிதைந்திருந்தது. முன்னொருகால் யாரோ சுட்ட குண்டு செய்த தீங்கு அது. மானையும் பன்றியையும் பற்றிக் கொல்ல இயலாத அப்புலி, பசிக்கு மனிதரைத் தேடத் தொடங்கியது. 436 உயிர்கள் மாய்ந்தமைக்கு அத்தவறிய குண்டே காரணமாயிற்று. படைக்கலம் பகையை அழிக்கவும் வல்லது. பகையை உண்டாக்கவும் வல்லது என்னும் உண்மை இதனால் விளங்குகின்றதன்றோ?

உருத்திரப்பிரயாகைச் சிறுத்தை

கேதாரநாதம், பத்ரிநாதம் ஆகிய திருத்தலங்களுக்குச் செல்லும் வழியில், 1918ஆம் ஆண்டு முதல் 1926ஆம் ஆண்டு வரை சிறுத்தை ஒன்று மக்களைக் கொன்று வந்தது. மாண்டவர் 125 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. கார்வால் நாட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் ஏறத்தாழ 4,000 இருந்தன. அச்சிறுத்தையைக் கொல்வதற்கென்றே 300க்கு மேற்பட்ட உரிமங்கள் புதியனவாக வழங்கப்பட்டன. அத்துணைப் படைக்கலங்கள் இருந்தும் அச்சம் நீங்கவில்லை. மாலை மயங்கியதும் ஊர்தோறும் கதவுகள் மூடப்பட்டன. கார்பெட் பல வாரங்கள் இரவுதோறும் கண்விழித்துக் காத்திருந்தார். இறுதியில் 1926ஆம் ஆண்டு மே மாதத்தில், வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தின் அருகே ஒரு மாமரத்தின்மீது அமர்ந்து, இருளில் ஒரே குண்டால் அதனை வீழ்த்தினார். ஆயிரம் துப்பாக்கிகள் செய்யாததை ஒருவரது பொறுமை செய்து முடித்தது.

கையில் இரு முட்டைகள்

1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், 64 பேரைக் கொன்ற சௌகர்ப் பெண்புலியைத் தேடி ஒரு நீரோடை வழியே அவர் சென்றார். பறவை முட்டைகளைத் திரட்டும் வழக்கம் உடையவர் ஆதலின், வழியில் கண்ட இரண்டு முட்டைகளை இடக்கையில் எடுத்துக்கொண்டார். ஒரு பாறையைச் சுற்றித் திரும்பிப் பார்த்தபோது, எட்டடித் தொலைவில் புலி பதுங்கியிருந்தது. கையில் முட்டைகள் இருந்தமையால் அவர் பதறி அசையவில்லை. வலக்கையில் இருந்த துப்பாக்கியை மெல்ல மெல்லத் திருப்பினார். அதன் வாய் புலியின் நேரே வந்ததும் சுட்டார். பின்னர் அம்முட்டைகளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். சிறிது பொழுதில் தாய்ப்பறவை வந்து அவற்றை அடைகாத்தது. ஒரு கை கொடிய புலியைக் கொன்றது. மறு கை சிறு பறவையின் குலத்தைக் காத்தது.

படை துறந்த பெருமை

கார்பெட்டும் ஒருகாலத்தில் வேட்டையை விளையாட்டாகக் கொண்டவரே. அதனை அவர் மறைத்ததில்லை. நாளடைவில் அவர் மனம் மாறிற்று. துப்பாக்கியினும் படக்கருவியே அவருக்கு இனிதாயிற்று. புலிகளை உயிருடன் படமெடுப்பதற்காகக் காட்டில் பல நாள் காத்துக்கிடந்தார். காலாதுங்கியின் அருகே சோட்டி ஹல்துவானி என்னும் சிற்றூரை வாங்கி, உழவரைக் குடியேற்றினார். பன்றிகள் பயிரை அழியாதவாறு அவ்வூரைச் சுற்றி நெடிய கன்மதில் எழுப்பினார். உயிரைக் கொல்லாமலே உழவைக் காத்தது அம்மதில்.

விலங்குகளுக்குப் புகலிடமாக 1936ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அம்மலையடிவாரத்தில் அமைந்தது. அம்முயற்சிக்கு அவர் பெருந்துணை புரிந்தார். 1947ஆம் ஆண்டு தம் தமக்கையாருடன் ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டுக்குச் சென்று, 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் நியேரி என்னும் ஊரில் காலமானார். பின்னர் அப்பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. புலிகளைக் காக்கும் பெருந்திட்டம் 1973ஆம் ஆண்டு அங்கேயே தொடங்கப்பெற்றது.

புலியைக் கொன்றவர் பெயரால் புலிகள் வாழுமிடம் வழங்குகின்றது. இதனினும் சிறந்த புகழ் வேறு யாதுளது? மனிதர் உயிருக்கு இடுக்கண் நேர்ந்தபோது அவர் படை எடுக்கத் தயங்கவில்லை. இடுக்கண் நீங்கியபின் எடுத்த படையை வைக்கவும் தயங்கவில்லை. இவ்விரண்டும் ஒருவரிடத்தே அமைதலே வீரம் என்பதை அவர் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.